சின்னமாமா போடாத கையெழுத்து

வயதானவர்கள் என்பதற்காக யாரையும் நான் கும்பிட்டதில்லை. இப்போது சிலரை நினைத்தாலே குமட்டுகிறது. காரணத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை வாய்க்காரி என்று சொல்வதானால் சொல்லுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

அம்மாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய்ப் பர்மாவில் செத்தவர். பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுச் சுவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். காக்கி உடுப்போடு அவர் நிற்கும் படம் சாமியறை வாசலுக்கு மேலே, மாலையும் குங்குமமுமாகத் தொங்கும். அவர் போகும்போது அம்மா கைக்குழந்தை.

தகப்பன் இல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் ஆடி அமாவாசை பிடிப்பார்கள். அமிர்தகழித் தீர்த்தக்குளத்தில் முழுகி, பிதிருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, வீட்டில் படைத்த பிறகுதான் வாயில் ஏதும் படும். தகப்பன் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த விரதத்தைத் தொடவே கூடாது. அது அவருக்குச் சாவைக் கூப்பிடுவதாம். அம்மா நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. என்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் பிடித்தார். ஆமிக்காரர் றோட்டை மறித்து நின்ற காலத்தில் அமிர்தகழிக்குப் போக வழியில்லாமல் வாவிக்கரையில் முழுகியும் பிடித்தார்.

அவருக்கு ஒரேயொரு குறைதான். தகப்பன் இறந்த திதி தெரியாது. திதி தெரியாமல் திவசம் கொடுப்பதெப்படி? எண்பதைத் தாண்டி ஒருமுறை ஆசுபத்திரிக்குப் போய் வந்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நான் கண்ண மூட முதல் அப்பாக்கு ஒரு திவசமாவது திதி பார்த்துக் குடுக்கோணும் மகள். பட்டாளத்தில எழுதி வச்சிருப்பாங்கதானே. நீ கேட்டுப் பாரன்."

கேட்டேன். பழைய சிப்பாய்களின் சேவைப் பதிவுகள் இங்கிலாந்தில் இருக்கலாம் என்றார்கள். அங்கே எழுதினால், ஆள் இறந்ததற்குச் சான்று கொண்டுவா என்றார்கள். பர்மாவில் செத்தவருக்கு மட்டக்களப்பில் யார் சான்று வைத்திருப்பது? கடைசியில், விஷயம் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் சத்தியக்கடதாசி வாங்கி அனுப்பிப் பாருங்கள் என்று அரசாங்கக் கச்சேரியில் ஒரு உத்தியோகத்தர் வழி சொன்னார்.

மூத்தவர் என்று உயிரோடு இருந்தது சின்னமாமா மட்டும்தான். அம்மம்மாவின் கடைசித் தம்பி, தொண்ணூறு தாண்டிய ஆள். ஊர்க் கோயிலின் வண்ணக்கராகப் பல வருடம் நிர்வாகம் பார்த்தவர். யார் வீட்டில் யார் பிழை விட்டாலும் தீர்ப்புச் சொல்வது அவர் சோலி. சாதி மாறிக் கட்டிய பெட்டையின் வீட்டுக்குக் கோயில் கொடுக்கும் காளாஞ்சி மரியாதையை நிறுத்தியதும் இவர்தான். வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிய, ஒழுக்கத்தைப் பற்றிக் கதைப்பார்.

கையெழுத்தை உறுதிப்படுத்தச் சமாதான நீதவானையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசித்தார்: இன்னார் யுத்தத்தில் இறந்தது எனக்கு நேரடியாகத் தெரியும் என்று சத்தியம் செய்கிறேன். சின்னமாமா பேனையை வாங்கினார். கடதாசியைப் பார்த்தார். பேனையை மேசையில் வைத்தார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இரிங்க" என்று நீதவானை அனுப்பினார். பிறகு என்னிடம், "பொய்க் கையெழுத்துப் போட ஏலா புள்ள. கோயில் பார்த்த கை இது" என்றார்.

"இதில என்ன பொய்?"

"அந்தாள் யுத்தத்தில சாகல்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சந்தையில் மீன் விலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனார். "பர்மாவுக்கு எங்க போனவன்? திருகோணமலையத் தாண்டல்ல. பட்டாளம் கலைஞ்ச மறுகா கல்குடாவில ஒருத்திய எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்திட்டான். புள்ளைகளும் இரிக்கி. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குக் கொஞ்சம் முந்தித்தான் செத்தவன்."

சூறாவளி அடித்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முந்தி என்றாலும் அவர் எனக்குத் தாத்தாவாக உயிரோடு இருந்திருக்கிறார், ஒரு பஸ் தூரத்தில். நான் சின்னவளாகக் கும்பிட்டது உயிருள்ள மனிதனின் படத்தில் தொங்கிய மாலையை.

"அப்ப அம்மம்மா ஏன் தாலியக் கழட்டினவ?"

"பெரியண்ணன் சொன்னவர். புரிசன் விட்டுட்டுப் போன பொம்புள என்டா எங்கட குடிக்கே கேவலம். பட்டாளத்தில செத்தவன்ட பெண்சாதி என்டா நாலு பேர் மதிப்பான். உன்ட அம்மம்மாவும் ஓமென்டுதான் கழட்டினவ."

"அம்மாவ எதுக்கு விரதம் பிடிக்க வச்ச நீங்க?"

"ஊர் பார்க்குமே புள்ள. தகப்பன் செத்த புள்ள ஆடி அமாவாசைக்கு மீன் தின்டா ஊர் என்ன சொல்லும்?"

பிறகு, கேட்காததையும் சொன்னார். அம்மாவுக்கு ஏழெட்டு வயதாக இருந்த ஒரு ஆடி அமாவாசையில் அந்த மனிதர் அமிர்தகழிக்கு வந்தாராம். சின்னமாமாதான் அம்மாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கி, அப்பாட பேரைச் சொல்லி முழுகு என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எதிர்ப்படியில் சனத்தோடு சனமாக அந்தாள் நின்றாராம். அம்மா மூன்றுதரம் முழுகி எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"போகச் சொல்லி நான் கண்ணக் காட்டினன். விளங்கிப் போயிட்டான்" என்றார் சின்னமாமா, பெரிய கெட்டித்தனம் செய்தவர் மாதிரி. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்."

அந்த வீட்டுப் பச்சைத்தண்ணிகூட எனக்கு இறங்காது. ஒரு குழந்தையின் கையால் உயிருள்ளவனுக்கு எள்ளுத்தண்ணி இறைக்க வைத்த ஆள், கடதாசியில் ஒரு பொய் எழுதப் பயப்படுகிறார். கடவுளிடம் பயமில்லை, நீதவானிடம் பயம். படலைக்கு வெளியே வந்து காறித் துப்பினேன்.

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை வந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஏதாவது ஒரு திதியைச் சொல்லிவிட்டால் என்ன? அம்மா திவசத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுவார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சின்னமாமாவின் வேலைதான். என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். கல்குடாவைச் சொன்னபோது போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். தாலியைச் சொன்னபோதும் மடிப்பதை நிறுத்தவில்லை. குளத்துப் படியைச் சொன்னதும் என் கையைப் பிடித்தார்.

"என்னக் கண்டவராமா?"

"ஓம் அம்மா."

"முழுகி முடியுமட்டும் நிண்டவரா?"

"ஓம்."

எனக்குத் தாங்கவில்லை. "கல்குடாவில அவர்ர புள்ளைகள் இரிப்பாங்க. அவங்களுக்குத் திதி தெரியும். நாளைக்கே போய்க் கேட்டு வாறன்" என்றேன்.

"வேணா மகள்" என்றார் அம்மா. "அந்த மனுசன் உயிரோட இரிக்கக்குள்ளயே நான் அவருக்கு எல்லாம் குடுத்து முடிச்சிட்டன்."