நாக்கைக் கடிக்காதே என்ற குரல்

எங்கள் ஊரான காஹாங்கில் நான் படித்த பள்ளியின் ஆய்வகத்தில் பேய் இருந்தது. சும்மா கதை விடவில்லை, என் காதாலேயே கேட்டேன். அதுவும் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேய்.

தமிழ்ப்பள்ளி முடித்து மலாய் சரியாக வராதவர்களை இடைநிலைப் பள்ளியில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வைப்பார்கள். அங்கேயும் நான் எழுத்துக் கூட்டிக்கொண்டுதான் இருந்தேன். கணக்கெல்லாம் போடுவேன், கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு மதியத்தில் ஆய்வகத்தில் தனி வகுப்பு. டீச்சர் ஆளுக்கொரு பழைய கைப்பேசி கொடுப்பார். காதில் மாட்டிக்கொண்டு, யாரோ வீட்டிலிருந்து பதிவுசெய்து அனுப்பிய குரல் வாசிக்க வாசிக்க வரியின் மேல் விரலை நகர்த்த வேண்டும். மலாயில் ஒரு வரி, பிறகு தமிழில் விளக்கம். எங்களுக்காக வேகத்தைக் குறைத்து வைத்திருந்ததால் ஆணா பெண்ணா என்றே தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்குள் வாயை வைத்துப் பேசுவது மாதிரி இழுக்கும்.

அன்றைக்கு எலும்புகள் பாடம். எதிரே ஆய்வக எலும்புக்கூடு, வெளியே மழை இருட்டு. நீளமான ஒரு சொல்லில் என் விரல் நின்றுவிட்டது. குரலும் நின்றது. பிறகு மெதுவாக, "நாக்கைக்... கடிக்காதே... திரும்பப் படி" என்றது.

ஐயோ! என் நாக்கு அப்போது பல்லுக்கு நடுவில்தான் இருந்தது. சட்டென்று திரும்பினேன். பின்னால் யாருமே இல்லை.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். "அலமாக்! இனிமே அந்தக் கிளாசே வேணாம் லா," என்றார் அப்பா. சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "நா போய்ப் பாத்துட்டு வரேன்," என்றாள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் குறைவு. அக்கா தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு பெர்மாஸ் ஜெயா பட்டணத்துக்குப் போனதும் அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். செத்தவர்களுக்காவது படம் மாட்டுவார்கள். அவள் படத்தைக் கழற்றிவிட்டார்கள். பேரை எடுத்தாலே அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். எனக்கு முதலில் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

மறுநாள் அம்மா சாமி கயிற்றோடு பள்ளிக்கு வந்தாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் கைப்பேசியில் எதையோ அழுத்தி, வேகத்தைச் சரிசெய்து கொடுத்தார். அம்மா காதில் வைத்தாள். கயிறு கீழே விழுந்தது. பேயேதான், சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள் அம்மா, அந்தக் கைப்பேசியிடம்.

"அது பதில் பேசாதும்மா, பாடம் மட்டும்தான் சொல்லும்," என்றேன். பேயிடம் போய் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்பார்களா? டீச்சர் முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பேய் ஓடிவிட்டது என்று அப்பாவிடம் அம்மாவே சொன்னாள். என்னை மட்டும் ஒரு வகுப்பும் விடாமல் அனுப்பினாள். வீடு திரும்பியதும், "இன்னிக்கு என்ன சொல்லுச்சு?" என்று கேட்பாள். நான் எலும்பையும் பின்னத்தையும் ஒப்பிப்பேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். பாடங்களின் மேல் அம்மாவுக்கு இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொள்வேன்.