எல்லாவற்றையும் கறுப்பாக்கிய பட்டன்

திரையில் லட்சணமாக இருக்கும் எக்செல் பட்டியல், பிரிண்டருக்குள் போய் வந்ததும் வேறு முகம் காட்டும்; திட்டு மட்டும் பிரிண்ட் எடுத்தவருக்கு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். கறுப்பு மை மட்டும் உள்ள பிரிண்டர். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பரீட்சைக்கு வராத பெண்

விழுப்புரத்தில் வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் ஒருவர் பெற்றோர் கூட்டத்துக்காக மதிப்பெண் பட்டியல் கொண்டுவந்தார். தேறாத பிள்ளைகளின் மனசு நோகக் கூடாதென்று அவர்களுடைய மதிப்பெண்ணை மட்டும் வெளிர் மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார். பேப்பரில் அந்த எழுத்து விழவே இல்லை. அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

கூட்டம் முடிந்த சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்தார். காலிக் கட்டத்தைப் பார்த்து ஒரு அப்பா கேட்டதை அப்படியே ஒப்பித்தார்: “கணக்குப் பரீட்சை அன்னிக்கு நான்தானே சார் வண்டியில கொண்டாந்து விட்டேன், அப்புறம் எங்க போச்சு என் பொண்ணு?”

வேலிக்குள் நாற்பது பேர்

அதற்குப் பிறகுதான் மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டேன். செய்ய வேண்டியதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், பட்டனைத் தட்டியதும் எக்செல் தானே வரிசையாகச் செய்துவிடும். என் பட்டன் எல்லா எழுத்தையும் கறுப்பாக்கும், கட்டங்களின் நிறத்தை எடுத்துவிடும், ஒரே பக்கத்தில் அடங்குவதற்காகக் கட்டங்களைக் குறுக்கும்.

முதலில் சிக்கியது ரத்த தானம் செய்பவர்களின் பட்டியல். குறுகிய கட்டத்தில் போன் நம்பர்கள் அடங்காமல் எல்லாம் ##### என்று வந்துவிட்டன. கொண்டுவந்த தம்பி அதை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியும் விட்டார். கணவருக்கு ஆபரேஷன் என்று ஒரு அம்மா அதன் முன் திகைத்து நின்றிருக்கிறார். தம்பி தன் போனிலிருந்து நம்பர் எடுத்துக் கொடுத்து, ஆள் வந்து ரத்தமும் கொடுத்தாகிவிட்டது. பிறகு என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. “நாப்பது பேரு ரத்தம் தர்றேன்னு சொன்னாங்கக்கா, நீங்க எல்லாரையும் வேலி போட்டு உள்ள வெச்சுட்டீங்க.”

மாமாவும் மைக்கும்

வானூர் ஏழுமலை தன் தம்பி கல்யாணத்துக்கு யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று பட்டியல் போட்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தனக்கு மட்டும் ஒரு குறிப்பு, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில். கட்டத்தைத் தொட்டால்தான் திரையின் மேலே உள்ள பட்டையில் தெரியும். இதை என்னிடம் சொல்லவில்லை. என் பட்டன் அத்தனையையும் கறுப்பாக்கிவிட்டது. பத்து காப்பி வாங்கிப் போய், படிக்காமலே சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். தன் பெயரைத் தேடிய தாய்மாமா, ‘மைக் தரக் கூடாது, தந்தால் விடமாட்டார்’ என்பதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்திருக்கிறார்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். தாய்மாமா கோபித்துக்கொண்டால் கல்யாணம் என்ன ஆகும் என்று பயந்தேன். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா பேப்பரை மடிப்புப் பிரித்து மேசைமேல் வைத்தார். “விடமாட்டார்னு போட்டது சரிதாம்மா, அதுக்குக் கீழ ‘ஆனா நல்லாப் பேசுவார்’னு ஒரு வரி சேத்து இன்னும் பத்து காப்பி குடு.”

நீலமும் பச்சையும்

விடுமுறை முடிந்து மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பட்டியலோடு பள்ளி ஆபீஸில் வேலை செய்யும் பெண் வந்தாள். கூடவே பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மேரி அக்கா. நான் வழக்கம்போல் பட்டனைத் தட்டினேன், சேமித்தேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. நீல வரி கோட்டக்குப்பம் பஸ், பச்சை வரி வானூர் பஸ். நிறத்தைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. மேக்ரோ செய்ததை எக்செல்லில் திரும்பப் பெறவும் முடியாது. வேறு காப்பியும் இல்லை.

மேரி அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “பேரைப் படி” என்றார். நான் படிக்கப் படிக்க, “நீலம், பொம்மையார்பாளையத்துல எறங்கும், தூங்கிக்கினு இருக்கும், எழுப்பணும்.” “பச்சை, அவன் அக்காகூடத்தான் ஏறுவான்.” நூறுக்கு மேல் பெயர்கள், ஒன்றிலும் தடுமாறவில்லை. ஒரு பெயரை மட்டும் நீக்கச் சொன்னார், அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டதாம். முடித்ததும் மேரி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “கலருதானேம்மா போச்சு, புள்ளைங்க வூடு அங்கயேதான் இருக்குது.”

நேரத்தை மிச்சப்படுத்த எழுதிய பட்டன்தான், இப்போதெல்லாம் அதைத் தட்டும் முன் வந்தவரை உட்காரவைத்துக் கால் மணி நேரம் விசாரிக்கிறேன்.