மேக்காலத் தோட்டத்துக் கிணறு

அந்த வருஷக் கோடையில் எங்கள் ஊரில் ஒருத்தர் கிணற்றை இன்னொருத்தர் எட்டிப் பார்ப்பதே பெரிய வேலையாக இருந்தது. மாட்டைத் தேடி வந்தேன் என்பார்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்குதுங்களா என்பார்கள், பேச்சோடு பேச்சாகக் கிணற்று மேட்டில் ஏறி உள்ளே ஒரு பார்வை பார்ப்பார்கள். தண்ணீர் கிடந்தால் முகம் சுண்டிப்போகும். கிடக்காவிட்டால், "அட பாவமே, உங்களுக்கும் இப்படியாயிப் போச்சுங்களா" என்று சொல்லிவிட்டுத் தெம்பாக வீடு திரும்புவார்கள்.

எல்லாம் குளத்தால் வந்த வினை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு, இருந்தது அந்த ஒரு குளம்தான். அது நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்றெடுக்கும், ஆடு மாடு குடிக்கும். முந்தின ஐப்பசியில் நல்ல மழை பெய்து கரை தொட்டு நின்ற தண்ணீர், மாசி முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வெயில் குடித்தாலும் இந்தக் குடி குடிக்குமா? யாரோ திருடுகிறார்கள் என்று ஊரே முடிவுகட்டியது. யார் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "வேற யாரு, மேக்காலத் தோட்டத்துக்காரர்தான்" என்றார்.

மேக்காலத் தோட்டத்துக்காரர் என்றால் வேறு யாருமில்லை, என் பெரியப்பா. அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். தாத்தாவின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது குளத்து ஓடையை ஒட்டிய மேற்குப் பாதி அவருக்குப் போனது, கிழக்குப் பாதி எங்களுக்கு வந்தது. அதில் ஏற்பட்ட மனத்தாங்கலில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. நான் மட்டும் வேலிச் சந்தில் நுழைந்து போய்வருவேன். பெரியம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டால் எனக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். அதைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பா பெரியப்பாவைத் திட்டும்போது நானும் சேர்ந்து தலையாட்டுவேன். விவரம் எட்டாத வயசுக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தெரிந்தது.

அப்பாவின் சந்தேகத்துக்குக் காரணம் சத்தம். மும்முனைக் கரண்ட் வந்ததும் ஊரில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வற்றி, காற்றை இழுத்துக் கரகரக்கும், நின்றுபோகும். எங்களுடையது எப்போதும் சீக்கிரம் நின்றுவிடும். அப்பா வரப்பில் உட்கார்ந்து, ஜோசியம் கேட்கிறவர் போலக் காதை மேற்கே திருப்பி வைத்துக்கொள்வார். பெரியப்பாவின் மோட்டார் மட்டும் கரண்ட் போகிறவரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"சைடு போர் போட்டிருக்காரு. கொளத்தப் பார்த்துப் போட்டிருக்காரு" என்பார்.

கிணற்றின் அடியில் இறங்கி, பக்கவாட்டில் பாறையைக் குடைந்து ஊற்றுத் தேடுவதைத்தான் சைடு போர் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். தன் நிலத்துக்குள் போட்டால் விவசாயம், குளத்தை நோக்கிப் போட்டால் களவு.

என்னை வேவு பார்க்க அனுப்பினார். நானும் போய்ப் பெரியப்பாவின் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தவர் பெரியப்பா.

"அம்மணி, உழுந்துருவ. உங்கொப்பன் பார்த்துட்டு வரச் சொன்னானா?"

"ஆமாங் பெரீப்பா" என்றேன். பொய் சொல்லவெல்லாம் எனக்கு அப்போது வராது.

அவர் சிரித்தார். "தண்ணி கெடக்குதுன்னு சொல்லு. எப்படிக் கெடக்குதுன்னு எனக்கே தெரியிலன்னும் சொல்லு."

நான் இரண்டையும் சொன்னேன். அப்பா முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஊர் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். குளத்து மதகின் பலகை பழையது. வருஷா வருஷம் தை கழிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் போய், வைக்கோலையும் களிமண்ணையும் மிதித்துக் குழைத்து மதகின் அடியில் அடைப்பது வழக்கம். அந்த வருஷம் ஒருத்தரும் போகவில்லை. மண்ணடைக்கப் போன நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரன் மோட்டாரைப் போட்டுவிட்டால்? தன் கிணற்றுக் காவலை விட்டு நகர யாருக்கும் மனசு வரவில்லை. ஆக, குளத்தைத் திருடுகிறவனைப் பிடிக்க ஊரே காவல் இருந்தது. குளத்தைத்தான் பார்க்க ஆளில்லை.

பங்குனியில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அங்கே யோசனை சொன்னது என் மாமன், அம்மாவின் தம்பி. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலையாக இருந்தவர், கோயில் நோம்பிக்கு வந்திருந்தார். "குளத்துல சாயத்தைக் கரைச்சு உடுவோமுங்க. எந்தக் கெணத்துல செகப்பு வருதோ, அவிய சைடு போர் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார்.

"மாடு குடிக்கிற தண்ணியாச்சே மாப்ள, நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டு பார்க்கலாம்" என்று யாரோ கேட்டார்கள். மாமனுக்கு அன்று வயிறு சரியில்லையாம்.

யார் கிணற்றில் நிறம் வருகிறதோ, அவர் மோட்டாரைக் கழற்றிக் கோயில் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும், மழை வரும்வரை தொடக்கூடாது என்று தீர்மானம் ஆனது. பெரியப்பா அந்த வருஷம்தான் தோட்டம் முழுக்கத் தென்னம்பிள்ளை வைத்திருந்தார். கோடையில் தண்ணீர் நின்றால் அத்தனையும் போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

மாமன்தான் சாயத்தைக் கரைத்தார். அப்பா கரையில் நின்று கைநீட்டி இடம் காட்டியதோடு சரி. கரையோரமாகச் சிவப்பு வட்டம் ஒன்று பரவியது. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கரைத்த தடம்கூட இல்லை. மீந்த பொட்டலத்தை அப்பா வாங்கி எங்கள் மோட்டார் ரூமில் வைத்தார்.

அப்புறம் நாட்கள் போயின. ஒரு கிணற்றிலும் சிவப்பு வரவில்லை. டீக்கடையில் அப்பாவைக் கண்டாலே, "என்னுங்க, கலர் வந்துருச்சுங்களா, ஒரு வேட்டி முக்கி எடுக்கோணும்" என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். மாமன் புத்திசாலித்தனமாகத் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். அப்பா டீக்கடைக்குப் போவதையே விட்டார். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அவர் கணக்கில் அண்ணன் திருடியது சத்தியம், சாயம்தான் பொய் சொல்கிறது.

பிறகு ஒரு நாள் விடிந்ததும் ஊரே மேற்கே ஓடியது. நானும் ஓடினேன். பெரியப்பாவின் கிணற்றில் தண்ணீர் செக்கச்செவேல் என்று கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேனுங்களே!" அப்பாவின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே நின்றது. பெரியப்பா கிணற்றுக்குள் பார்த்தார். கிணற்றுப் படியில் ஓரிடத்தில் திட்டாகக் கிடந்த சிவப்புப் பொடியைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் வலது கை துண்டுக்குள் இருந்தது. பெரியப்பா வாயைத் திறந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "கழட்டிக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். குற்றவாளி ஒத்துக்கொண்டான் என்று ஊருக்கு ஏக திருப்தி.

அன்று மத்தியானம் அப்பா கரண்டியால் சோறு சாப்பிட்டார். என் வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் காட்சியைப் பார்த்தேன். வெற்றி பெற்றதால் ஆப்பீசர் மாதிரி சாப்பிடுகிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அந்தக் கரண்டியை எடுத்து வைத்தபோது ஒன்றுமே கேட்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. சாயங்காலம் துவைக்கிற கல்லில் அப்பா புளியும் சாம்பலும் போட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்ப்பா செகப்பா இருக்குது?"

"கொளத்துல கலக்குனப்பப் பட்டது" என்றார். கலக்கியது மாமன் ஆச்சே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விளையாடப் போய்விட்டேன்.

மோட்டார் கோயில் முன்னால் தூசி தின்றுகொண்டு கிடந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். இரண்டு பேர் குடத்துக்கு ஒரு தோட்டம் பிழைக்குமா? தென்னம்பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குருத்துக் கருகின. அப்பா வரப்பில் உட்காருவதை விட்டுவிட்டார். மேற்கே கேட்பதற்கு ஒரு சத்தமும் இல்லாமல் போயிருந்தது.

குளமோ, திருடனைப் பிடித்ததற்கு மரியாதையாகவாவது நிற்க வேண்டாமா? அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. ஊர் மறுபடியும் முழித்தது. சரி, இன்னொரு திருடன் இருக்கிறான் என்று அடுத்த கிணற்றை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அம்மா ஒருத்திதான், "இப்படியே போனா மனுசன் மனுசன் மூஞ்சில முழிக்க முடியாதுங்க" என்று அப்பாவிடம் அழுதாள்.

சித்திரைக் கடைசியில் குளம் முழங்கால் அளவுக்கு வந்தது. அந்த அளவுக்கு வற்றினால் ஊரே இறங்கி மீன் பிடிக்கலாம் என்பது எங்கள் வழக்கம். சண்டை சச்சரவு எதுவும் அதில் கணக்கில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும்கூட வந்திருந்தார்கள். கூடையும் பழைய சேலையுமாகச் சேற்றில் உருண்டுகொண்டிருந்தபோது, மதகுப் பக்கம் போனவர்கள் சத்தம் போட்டார்கள். பலகைக்கு அடியில் ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் தண்ணீர் களக் களக் என்று இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்த்தால், நாணல் மறைத்த ஓடையில் அது சத்தமில்லாமல் ஓடி, பெரியப்பாவின் தோட்டத்து ஓரமாகவே மண்ணுக்குள் சுவறிப் போயிருந்தது. அவர் கிணறு வற்றாததன் ரகசியம் அவ்வளவுதான்.

ஊர்த் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது ஓர் ஆள் கேட்டான்: "அப்படின்னா அன்னிக்குக் கெணத்துல செகப்பு எப்படி வந்துச்சுங்க? இந்தத் தண்ணி மண்ணுல வடிஞ்சல்ல போகுது, சாயம் மண்ணோட நின்னுருக்காதா?"

கூட்டம் மொத்தமும் பெரியப்பா பக்கம் திரும்பியது. அப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் பிடித்திருந்த கூடை சரிந்து, மீனெல்லாம் துள்ளி வெளியே விழுந்தது.

பெரியப்பா கழுத்தைச் சொறிந்தார். "அதுங்களா... எங்கூட்டுக்காரி நோம்பிக்கு எடுத்த சேலையக் கெணத்துல முக்கிப்போட்டாளுங்க. மட்டமான சேலை. சாயம் மொத்தமும் கெணத்துக்குள்ள போயிருச்சு."

"பெரீம்மாகிட்ட செகப்புச் சேலையே இல்லியே!" என்று நான் உரக்கச் சொன்னேன். அவளுடைய பெட்டியில் இருக்கிற சேலை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

பெரியம்மா என் தொடையில் நன்றாக ஒரு கிள்ளு வைத்தாள். "இருந்துச்சு கண்ணு. சாயம் போயி வெள்ளச் சேலை ஆயிருச்சு."

குளமே அதிரும்படி சிரித்தார்கள். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா தென்னம்பிள்ளை பொழச்சிருக்குமேங்க!" என்று தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வெக்கமா இருந்துச்சுங்க" என்றார் பெரியப்பா. இப்படியும் ஒரு பெரியப்பாவா என்று எனக்கு மானமே போய்விட்டது. தொடை எரிச்சலோடு நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு மதகுக்குப் போனார். சேற்றை இரண்டு கையாலும் வாரி வாரி அந்த ஓட்டையில் திணிக்க ஆரம்பித்தார். மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. "ஏனுங்க, வத்துன கொளத்துக்கு எதுக்குங்க அடைப்பு?" என்று யாரோ கேட்டார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சேற்றை உருட்டி உருட்டி அப்பாவின் கையில் கொடுத்தார்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாங்கப்பா போகலாம் என்று நான் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மீன் கெட்டுப்போகுமே என்பதுதான் என் கவலை.