பூசைக்கு வைத்த பை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதுவது படித்தவர்களின் வேலை என்று நினைத்து வளர்ந்தவள் நான். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் சட்டை அளவுகள்தான். வாசிப்பவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்கிறேனே என்ற கூச்சம் இந்த வரியை எழுதும்போதும் இருக்கிறது. ஆனாலும் சென்ற வருடம் நடந்த ஒன்றை யாரிடமும் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொக்குவிலில் அண்ணையின் வீட்டில் இருக்கிறேன். கலியாணம் செய்யவில்லை. பின்னறையில் யன்னலோடு ஒட்டித் தையல் மெசினைப் போட்டு, அயலில் உள்ள பெண்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தால் மதில் தெரியும். ரயில் போகும்போது மதிலுக்கு மேலால் அதன் கூரை மட்டும் ஓடும். தைக்கிறவள் அதிகம் கதைக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அளவு நாடாவை வாயில் கவ்விக்கொண்டால் பதில் சொல்லவும் தேவையில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணி வைத்தியசாலையில் தாதி. பிள்ளைகளின் வாட்டில் வேலை. அங்கே மருத்துவக் கருவிகளைத் திருத்துவதற்கு ஆட்களுக்கு வேலை பழக்கப்போகிறார்கள் என்று ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். என் தையல் மெசின் பழுதானால் நானே கழற்றிப் பூட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். என் படிப்புக் காணாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் அவர் ஏற்கெனவே பொறுப்பாளரோடு கதைத்துச் சம்மதம் வாங்கியிருந்தார்.

“எங்களுக்குப் பிறகும் நீர் ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது, மச்சாள். என்ன, ஓமோ?”

ஓம் என்றேன். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் வருகிற பதில் அதுதான்.

அடுத்த கிழமையே என் தையல் மெசினைப் பின்வளவுக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். படிக்கிறவளுக்கு மேசை வேண்டும் என்று அண்ணை யன்னலடியில் ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டார். இனித் தைக்க மாட்டா என்று என்னிடம் வருகிற பெண்களுக்கெல்லாம் அண்ணியே சொல்லியனுப்பினார். எல்லாம் என் நன்மைக்காகத்தான். அதனால் கோபப்படவும் எனக்கு இடம் இருக்கவில்லை.

கருவிகள் திருத்தும் அறை வைத்தியசாலையின் பின்பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு யன்னல். அதையும் திருத்த முடியாத மெசின்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மறைத்துக்கொண்டிருந்தன. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி எப்போதோ கழன்றுவிட்டதால், சாத்திக்கொண்டால் வெளியிலிருந்து யாராவது திறக்கவேண்டும். அதற்காக ஒரு பழைய பிரஷர் பார்க்கும் கருவியின் காலை இடையில் கொடுத்து வைத்திருப்பார்கள். யாராவது அதைத் தட்டிவிட்டுப் போய்விட்டால் நாங்கள் உள்ளே நின்று கதவில் தட்டுவோம்.

என்னோடு வேலை பழகியவர்கள் எல்லாரும் இளம் பிள்ளைகள். முதல் நாள் அக்கா என்றார்கள். பிறகு அன்ரி என்றார்கள். சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பாள். நல்ல வாய்க்காரி. கருவிகளோடு வரும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அவள் வாசித்துச் சொல்லுவாள். நான் படத்தைப் பார்ப்பேன். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில கருவிகளுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்று எங்களைப் பழக்கிய சேர் ஒரு நாள் தீப்பொறி பறக்கக் காட்டினார். அதன் பிறகு எந்த மூடியைத் திறந்தாலும் என் கை பின்னுக்கு வரும். “அன்ரி, உது கடிக்காது, செத்துப்போச்சு,” என்று அந்தப் பிள்ளை சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மாரி மழை தொடங்கிக் கொட்டிலில் ஈரம் ஏறுவதற்கு முன்னால் இதிலிருந்து வெளியே வந்து, என் மெசினைத் திரும்ப யன்னலடியில் வைக்கவேண்டும். அதற்கு நான் விலகப்போகிறேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும். ஒரு முறை சேரின் மேசையடிக்குப் போனேன்.

“சேர், நான் நாளையிலையிருந்து…”

“லீவோ? எடுங்கோ, எடுங்கோ. நீங்கள் லீவே எடுக்கிறதில்லை.”

அந்த லீவில் வீட்டில் இருந்தால் அண்ணி காரணம் கேட்பார் என்று, நல்லூர்க் கோயில் வெளிவீதியில் போய் இருந்துவிட்டு, வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

வாணி விழா நெருங்கியபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது. சரஸ்வதி பூசையன்று எல்லாரும் தங்கள் ஆயுதங்களைப் படத்துக்கு முன்னால் வைப்போம். தீபம் காட்டிய பிறகு அடுத்த நாள் விஜயதசமி வரை அதை ஒருவரும் தொடுவதில்லை. எங்கள் பைகளில் இருந்த ஸ்குரூ டிரைவர், குறடு எல்லாம் பயிற்சிக்காகத் தரப்பட்டவை. விலகுகிறவர் திருப்பிக் கொடுக்கவேண்டும். நான் என் பையைப் பூசையில் வைப்பேன். அடுத்த நாள் எடுக்கப் போகமாட்டேன். எல்லாரும் தங்கள் தங்கள் பையை எடுத்த பிறகு என்னுடையது மட்டும் கிடக்கும். சேருக்கு விளங்கும். ஒரு சொல்லும் கதைக்கத் தேவையில்லை. அண்ணிக்கு என்ன சொல்வது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

பூசையன்று மேசையில் வாழையிலை விரித்து, நான் தைத்துக் கொடுத்த நீலத்துணிப் பைகளை வரிசையாக வைத்தோம். சேரின் ஆயுதப் பெட்டிக்கு மேல்தான் கும்பமே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பைக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. தீபம் காட்டும்போது நான் கண்ணை மூடி, என் பையிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. போகிறேன் என்றுதான் சொன்னேன். பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு இலேசாக இருந்தது. அவலும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் அண்ணி சளி உறிஞ்சும் மெசின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பூசைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தபோதுதான் அது இல்லை என்று விளங்கியது.

“சேர், இது இழுக்குதில்லை. மற்ற மெசின் வேறை பிள்ளைக்குப் போட்டிருக்கு. இந்தப் பிள்ளைக்குச் சளி அடைச்சுக்கொண்டு வருது.”

சேர் குனிந்து பார்த்தார். போத்தல் மூடியை அழுத்திப் பார்த்தார். குழாயை மாற்றிப் பார்த்தார். பின்பக்கத்தைக் கழற்றவேண்டும் என்றார். மற்ற ஆயுதங்கள் இருந்த களஞ்சியம் பூட்டிக் கிடந்தது. அவர் தன் பெட்டியையும் அதன் மேல் இருந்த கும்பத்தையும் பார்த்தார்.

“ஆற்றையாவது பையை எடுங்கோ.”

ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற சாவகச்சேரிப் பிள்ளை மெல்லமாக, “தீபம் காட்டியாச்சு, சேர்,” என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். பூசையில் வைத்ததை இடையில் எடுத்தால் படிப்பு விட்டுப்போகும் என்று சின்ன வயதிலிருந்து எல்லாருக்கும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பு வேண்டும். எனக்கு வேண்டாம். அந்தப் பை இனி என்னுடையதும் அல்ல. நான் போய் அதை எடுத்தேன்.

பையில் வைத்த சந்தனம் ஸ்குரூ டிரைவரிலும் ஈரமாக ஒட்டியிருந்தது. சேர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பம்பிலிருந்து வரும் குழாய் கழன்று கிடந்தது. அவர் அதைச் செருகினார். நான் குறடு எடுத்து நீட்டினேன். இறுக்கினார். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மெசினைப் போட்டுவிட்டு, குழாயின் வாயைப் பெருவிரலால் மூடச் சொன்னார். மூடினேன். மீற்றர் முள் ஏறியது. விரலை அது பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. சேர் நிறுத்தும் வரை என்னால் எடுக்க முடியவில்லை.

அண்ணி மெசினைத் திருப்பிக்கொண்டே, “உம்மை இஞ்சை சேர்த்துவிட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு, மச்சாள்,” என்றார். என் பதிலுக்கு நிற்காமல் ஓடினார்.

“அன்ரி சரஸ்வதிக்கே லீவு குடுத்திட்டா,” என்றாள் அந்தப் பிள்ளை. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டாள்.

நான் பையைச் சுருட்டி வாழையிலையில் என் இடத்தில் வைக்கப் போனேன். சேர் தடுத்தார்.

“எடுத்த சாமானை இனி உதுக்குள்ளை வைக்கேலாது. வீட்டை கொண்டுபோங்கோ. நாளைக்கு வரேக்கை கொண்டுவாங்கோ.”

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் எல்லாரும் என்னை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓம் சேர் என்றேன். கதவு சாத்திக்கொண்டுவிட்டது. யாரோ வந்து திறக்கும் வரை பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

வீட்டில் அண்ணி எல்லாவற்றையும் அண்ணைக்குச் சொன்னார். பிள்ளை மூச்சுச் சீராகி நித்திரையாம். தாய் அழுதாவாம். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. இனி எந்த முகத்தோடு விடுகிறேன் என்று சொல்வது என்றும் இருந்தது. “உனக்குக் கை வருகுது பாத்தியே,” என்றார் அண்ணை. அவர் என்னைப் புகழ்ந்து நான் கேட்டது குறைவு.

பின்வளவுக்குப் போய்க் கொட்டிலில் மெசினின் துணியை விலக்கிச் சக்கரத்தைச் சுற்றினேன். சுற்றியது. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். வாறன் என்று சொல்லித் துணியை மூடினேன்.

அடுத்த நாள் விஜயதசமி. வழக்கமான பஸ்ஸில் போனேன். மற்றவர்கள் படத்தடியிலிருந்து தங்கள் பைகளை எடுத்தார்கள். என்னுடையது என் கையில் இருந்தது. அன்று ஈ.சி.ஜி. வயர்களைச் சோதிக்கப் பழக்கினார்கள்.