கேன்டீன் விழுந்ததும் கேட்டும் பூட்டிக்கொண்டது

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதினோம். மென்பொருளின் அமைப்பை வகுத்த எங்கள் ஆர்க்கிடெக்ட், "கேட், கேன்டீன் எல்லாம் தனித்தனியா ஓடுற சர்வீஸ். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு அசையாது" என்று மார்தட்டுவார். நானும் வாய் பிளந்து கேட்பேன்.

ஒரு மதியம் கேன்டீன் சர்வீஸ் செயலிழந்து விழுந்தது. கேட்டும் திறக்கவில்லை. ஊழியர் விவரம் முழுவதையும் அந்த மேதை கேன்டீன் சர்வீஸுக்குள் வைத்திருந்தார். கேட் அந்த விவரத்தைச் சரிபார்க்காமல் யாரையும் வெளியே விடாது. உற்பத்தி லைனில் மயங்கி விழுந்த பெண்ணோடு தொழிற்சாலையின் ஆம்புலன்ஸ் உள்ளேயே நின்றது.

"டிசைன்ல தப்பில்ல" என்றார் ஆர்க்கிடெக்ட், லேப்டாப்பிலிருந்து தலை நிமிராமல்.

"இன்னா சார் டிசைனு? பொண்ணு கண்ணு தொறக்காம கீது!" என்று செக்யூரிட்டி அண்ணன் கத்தினார். நானும் அவருமாகக் கேட்டின் தடுப்பை உடைத்துத் தள்ளினோம். பெண் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள், தடுப்பை உடைத்ததற்கு ஆர்க்கிடெக்ட் என்னிடம் விளக்கம் கேட்டார். பெரிய வார்த்தை பேசுகிறவர்களைக் கும்பிடும் புத்தி அன்றோடு என்னை விட்டுப் போனது.