தம்பி நின்ற குழி

பழையாற்றிலிருந்து அள்ளி வந்த ஈரமணலில் முழங்கை வரை கையை விட்டால், பங்குனி வெயிலிலும் உள்ளே குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிர்ச்சி இன்றும் என் கையை விட்டுப் போகவில்லை. அப்பா அந்த மணலைப் பனையோலைக் கடவப்பெட்டியில் சுமந்து வந்தது என் தம்பி செல்லையாவுக்காக.

ஐந்து வயதாகியும் அவனுக்கு உட்காரவோ பேசவோ வரவில்லை. காலில் பெலமில்லாத பிள்ளைகளை முற்றத்தில் குழி தோண்டி, மணல் நிரப்பி நிற்கவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; "குழியில் நிப்பாட்டுவது" என்பார்கள். அப்பா தம்பிக்கு மார்பளவு தோண்டினார். காலையில் வயலுக்குப் போகுமுன் அவனை இறக்கி, மணலை மெல்ல அழுத்தி, சாயும் தலைக்குத் தம் துண்டைச் சுருட்டி அணைகொடுத்து, தெருவைப் பார்க்க நிறுத்துவார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து, வெளியே தூக்கித் தரையில் நிறுத்திப் பார்ப்பார். அவன் மடிந்து விழுவான். "நாளைக்கு நிப்பான்" என்பார் அம்மாவிடம்.

ஒரு மாற்றமும் காணாமல், வண்டி கட்டிக்கொண்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இவன் ஒருநாளும் நடக்கமாட்டான், பேசவும் மாட்டான் என்று மெதுவாகச் சொன்னார். திரும்பும் வழியில் அப்பா மாட்டைக்கூட அதட்டவில்லை. மறுநாள் குழியை மூடி, அதன்மேல் ஒரு வாழைக்கன்றை நட்டார்.

அதன்பின் அவர் தம்பியைத் தொடவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். வயலிலும் தனி வரப்பில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்தார். உள்ளே பாயில் கிடந்த தம்பியோ, குழியில் நிற்கும் நேரம் வந்ததும் அழத் தொடங்குவான். கஷாயம் கொடுத்தும் அடங்கவில்லை.

ஒருநாள் அம்மா அடுக்களையிலிருந்தபடியே சொன்னாள்: "அவனுக்கு நோவு ஒண்ணும் இல்ல. பாயில கெடந்தா கூரைதான் தெரியும். குழியில நின்னா நாலு ஆளு மூஞ்சி தெரியும். நீங்க நடக்கதுக்கு நிப்பாட்டுனிய. அவன் அதுக்கா நின்னான்?"

அப்பா மம்மட்டியை எடுத்து, வேர்பிடித்திருந்த வாழையைப் பெயர்த்து வேலியோரம் வைத்துவிட்டு, குழியை மறுபடி தோண்டினார். தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்தார்.

"என்ன வே, டாக்டர் சொன்ன பொறவும் ஆசை விடலியா? ஓட்டப்பந்தயத்துக்கு விடப்போறீரா?"

"அவன் நடக்காண்டாம் வே. நின்னு தெருவப் பாக்கட்டும். உம்ம மூஞ்சியும் பாக்கட்டும், அது அவன் தலையெழுத்து."

அன்றுமுதல் தம்பியைத் தரையில் நிறுத்திப் பார்ப்பதை அப்பா விட்டுவிட்டார். குழியருகே ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றினால் இருவர் முகமும் நேருக்கு நேர் இருக்கும். அப்படிக் கிடந்தபடி, வயலுக்குத் தண்ணீர் விடும் முறை, மாட்டுக்கு வந்த நொண்டல், யாரோடோ உண்டான மனத்தாங்கல் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் அவனிடம் சொல்வார். "கேட்டியா மக்கா" என்பது மட்டும் எங்கள் காதில் விழும். நாங்கள் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். தம்பி வளர வளர, குழியையும் ஆழப்படுத்திக்கொண்டே வந்தார்.

மீசை அரும்பும் வயதில் ஒரு காய்ச்சலில் தம்பி போய்விட்டான். அதற்குப் பிறகும் அப்பா பல ஆண்டுகள் இருந்தார். சோறு, வயல், மாடு என்று வேண்டியதைக் கேட்பார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. நானும் பேச்சில் கூச்சக்காரன். அருகே போய் உட்கார்ந்தாலும் எதைக் கேட்பதென்று தெரியாமல் எழுந்து வந்துவிடுவேன்.

இன்று எங்கள் தெருவில் பிள்ளைகளை யாரும் குழியில் நிறுத்துவதில்லை. முற்றத்துக்கு நான் சிமெண்டு போட்டுவிட்டேன். அம்மாவிடமும் என்னிடமும் சொல்லாத எத்தனையோ காரியங்களை அப்பா அந்தக் காலைகளில் சொல்லியிருப்பார். அவற்றைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.