பட்டையை ஏமாற்றியவன்

எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் என் தங்கை புருஷனுக்குத் தண்ணித்தொட்டி என்று பெயர். வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே என்று நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

உலைப் பிரிவில் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. மருந்தறைக்காரர் சிறுநீரில் ஒரு சின்னப் பட்டையை முக்குவார். மஞ்சளாகவே இருந்தால் பிழைத்தோம். பச்சையானால் சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்று அர்த்தம்; மறுநாளே உலையிலிருந்து கழற்றி, குறைந்த கூலிக்கு முற்றம் கூட்ட அனுப்பிவிடுவார்கள். அதற்கு மாப்பிள்ளைதான் வழி கண்டுபிடித்தான். பரிசோதனைக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் வெறும் தண்ணீராய்ப் போகும், பட்டை ஏமாந்துவிடும். ஆறு வருடம் உலைப் பிரிவு மொத்தமும் அவன் பேச்சைக் கேட்டுக் குடித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றது. வெட்கமில்லாமல் நானும்தான்.

இந்த வருடம் பட்டை போய்ச் சீசா வந்தது. ஆய்வுக்கூடத்தில் அல்புமின் என்ற புரதத்தையும் கிரியாட்டினின் என்ற கழிவையும் அளந்து, ஒன்றுக்கு மற்றது எவ்வளவு என்று பார்த்தார்கள். தண்ணீர் குடித்தால் இரண்டும் சேர்ந்துதான் நீர்த்துப்போகும், விகிதம் அசையாது. எங்கள் பாச்சா பலிக்கவில்லை. நான் தப்பித்தேன், மாப்பிள்ளை மாட்டினான். ரத்தத்தையும் சோதித்தார்கள். சிறுநீரகத்தில் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதாம்.

டாக்டரிடம் மூவருமாகப் போனோம். தங்கை பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆறு வருடத்துப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன வருஷம் வரைக்கும் சுத்தமா இருந்திருக்கே! அப்போ இது திடீர்னு வந்ததும்மா. திடீர்னு வந்ததுன்னா மருந்து குடுத்து ஓரளவு மீட்டுடலாம். வருஷக்கணக்கா அரிச்சதுன்னாதான் ஒண்ணும் பண்ண முடியாது."

"இது இப்ப வந்ததுதான்னு நான்தான் சொன்னேனே அண்ணா!" என்றாள் தங்கை. பத்து நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். பாவி, எனக்கு அதுதான் முடிந்தது.

"டாக்டர், அந்தச் சீட்டெல்லாம் பொய். தண்ணியக் குடிச்சிட்டுக் குடுத்தது" என்றான் அவன்.

டாக்டர் சீட்டுகளை அடுக்கித் தங்கை பக்கம் நகர்த்தினார். பழைய வியாதி என்றால் இனி டயாலிசிஸ்தான் என்றார். திட்டியிருந்தாலாவது தேவலை.

தங்கை விடவில்லை. "ஏங்க, எல்லாரும்தானே குடிச்சீங்க? உங்களுக்கு அப்பவே இருந்துச்சுன்னு என்ன நிச்சயம்?"

"மொத வருஷம் குடிக்காமத்தான் போனேன். பட்டை பச்சையாயிடுச்சு. எழுதிடாதீங்க, மத்தியானம் மறுபடி தரேன்னு கெஞ்சிட்டு வந்து, அப்புறந்தான் தண்ணி குடிச்சேன்."

எனக்கே அது புதுச் செய்தி. ஆறு வருடம் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் எங்களோடு சிரித்திருக்கிறான்.

தங்கை அவன் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உலை வேலைய விடச் சொல்லியிருப்ப."

"ஆமா," என்றாள் தங்கை, "சொல்லியிருப்பேன்."